ஏக்கருக்கு 300 கிலோ கரி: நேபாளத்துப் பூசணித் தோட்டத்துல நடந்தது என்ன

ரெண்டு வருசம் முன்னாடி பயோசார் பத்தி கேள்விப்பட்டதும் நான் செஞ்ச முதல் வேலை, வாட்டில்ங்கற மரத்தோட கிளைய எரிச்சு எடுத்த கரிய நொறுக்கி ஒரு முட்டைகோஸ் பாத்தி முழுக்க தூவி கிளறி விட்டதுதான். எங்க ஊரு கொடைக்கானல் மேல்மலை. நாத்து நட்டு மூணாவது வாரம் பாத்தா பக்கத்துப் பாத்தியெல்லாம் கரும்பச்சையா நிக்குது, கரி போட்ட பாத்தி மட்டும் வெளிறிப் போய் அடி இலையெல்லாம் மஞ்சளாகி சோந்து கெடக்கு. அம்மா வந்து வரப்புல நின்னு பாத்துட்டு, "பட்டினி கெடந்த மாட்ட அவுத்து விட்ட மாதிரி இருக்குடா, செடிக்கு வச்சதெல்லாம் உன் கரி தின்னுருச்சு"ன்னு சொன்னாங்க. அப்ப அது எனக்குப் புரியல, ஆனா அவங்க சொன்னது அப்படியே உண்மைன்னு நேபாளத்துல நடந்த ஒரு ட்ரையல முழுசா படிச்சப்புறம் தான் தெரிஞ்சுது. அந்த ட்ரையல பத்தி தமிழ்ல யாராவது விலாவாரியா எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டு இருந்தேன், அதான் இது.

மொதல்ல பயோசார்னா என்னன்னு ஒரு வார்த்தை. மரம், செடி, உமி, தட்டை எதுவா இருந்தாலும் காத்து படாம, இல்ல ரொம்பக் கம்மியா பட்டு, நல்ல சூட்டுல வெந்தா சாம்பலாகாம கரியா நிக்கும், அந்தக் கரிய அடுப்புக்குப் போடாம மண்ணுக்குப் போட்டா அதுக்குப் பேரு பயோசார். புதுசு ஒண்ணும் இல்ல. அமேசான் காட்டுல டெர்ரா ப்ரெட்டான்னு சொல்ற கறுப்பு மண்ணு திட்டுத் திட்டா கெடக்கு, சுத்தி இருக்குற மண்ணெல்லாம் சத்தே இல்லாத மஞ்ச மண்ணு, இது மட்டும் கருகருன்னு செழிப்பா இருக்கும், அங்க வாழ்ந்த ஜனங்க நூத்துக்கணக்கான வருசமா கரி, எலும்பு, சமையல் கழிவு, மலம் எல்லாம் சேத்து உண்டாக்குன மண்ணு அது. அந்தப் பட்டியல கவனிச்சுக்கங்க, அங்க கரி தனியா போகல.

நேபாளத்துல என்ன செஞ்சாங்க

2015-ல அக்ரிகல்ச்சர்ங்கற ஆய்விதழ்ல வந்த ஆய்வு இது. ஹான்ஸ்-பீட்டர் ஷ்மிட், பிஷ்ணு ஹரி பண்டிட், கெரார்ட் கார்னெலிசன் இவங்கெல்லாம் சேந்து செஞ்சது. கரிக்கு அவங்க எடுத்தது காசு குடுத்து வாங்குன விறகு இல்ல, அங்க மலையெல்லாம் அடைச்சுக் கெடக்குற ஒரு களைச்செடி, யூபடோரியம் அடினோஃபோரம்னு தாவரப் பேரு. நேபாளியில பன்மாரான்னு சொல்றாங்க, காட்டைக் கொல்றதுன்னு அர்த்தம். மெக்சிகோவுல இருந்து வந்த செடி, ஆடுமாடு வாய வைக்காது, குதிரை தின்னுச்சுன்னா நுரையீரல் கெட்டுப் போயிரும். நம்ம நீலகிரியிலயும் பழனி மலையிலயும் ஓடைக்கரை, ரோட்டோரம்னு கொத்துக் கொத்தா வெள்ளைப் பூ பூத்து நிக்குமே அதே செடிதான், படத்தப் பாத்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு, ஏன்னா வருசா வருசம் வெட்டி ஓரத்துல குவிச்சு மக்கட்டும்னு விட்டுட்டு இருந்தது அதத்தான்.

எரிக்கிற முறை கோன்-டிக்கி. நம்ம ஊரு கரிமூட்டத்துல விறகை அடுக்கி மண்ணு போட்டு மூடி நாள் கணக்குல பொகைய விடுவோம்ல, இது அப்படியே தலைகீழ். மேல அகலமா அடியில குறுகலா, புனல் மாதிரி ஒரு தொட்டி, தகரத்துலயும் செய்யலாம், காசு இல்லன்னா அதே வடிவத்துல மண்ணுல குழி வெட்டிக்கலாம். அடியில தீ மூட்டி காஞ்ச குச்சியா போட்டுக்கிட்டே வரணும், மேல் அடுக்கு மேல லேசா வெள்ளைச் சாம்பல் படர ஆரம்பிக்கிற நேரம் பாத்து அடுத்த அடுக்கு போடணும், அதுக்கு முன்னாடி போட்டா பொகையும், லேட்டா போட்டா கரி சாம்பலாயிரும். மேல எரியிற தீ இருக்கே அது ஒரு திரை மாதிரி நின்னு வர்ற காத்தையெல்லாம் தானே தின்னுரும், கீழ இருக்குற கரிக்கு காத்து போகாது, கீழருந்து வர்ற வாயுவும் அந்தத் தீயிலயே எரிஞ்சு போயிரும், அதனால பொகை கம்மி. குழி நெறஞ்சதும் தண்ணி ஊத்தி அணைச்சிரணும். இப்படி எடுத்த கரி ஐரோப்பாவுல பயோசாருக்குன்னு வச்சிருக்குற தரச்சான்றுல உயர்ந்த தரத்துக்கு வேண்டிய எல்லாத்துலயும் தேறிச்சு, ஒரு குக்கிராமத்துல எந்த மெஷினும் இல்லாம.

அப்புறம் தான் முக்கியமான விஷயம். எடுத்த கரியில ஒரு பங்க அப்படியே வச்சுக்கிட்டாங்க, இன்னொரு பங்க புது கோமியத்துல ஊற வச்சாங்க, கொள்ளளவுல கரி ஒண்ணுக்கு கோமியம் ஒண்ணு. பூசணி நட மூணு விதமா குழி தயார் பண்ணாங்க, எல்லாத்துலயும் மாட்டுச்சாண கம்போஸ்ட் பொது, அதோட ஒண்ணுல வெறும் கோமியம், ஒண்ணுல வெறும் கரி, ஒண்ணுல கோமியத்துல ஊறுன கரி. நிலம் முழுக்க தூவல, விதை போடுறதுக்கு முன்னாடி வேர் ஓடுற எடத்துல மட்டும் வச்சாங்க. அளவு ஹெக்டேருக்கு 750 கிலோ, நம்ம கணக்குல ஏக்கருக்கு 300 கிலோ சொச்சம். நான் அதுக்கு முன்னாடி படிச்சதெல்லாம் ஹெக்டேருக்கு 10 டன் 20 டன்னு தான் இருந்துச்சு, அவ்வளவு கரிக்கு நான் எங்க போவேன், அதனாலயே பாதியில விட்டவன் நான், இந்த 300 கிலோங்கற நம்பர் தான் என்னைய திரும்ப உக்கார வச்சுது.

விளைச்சல் வந்தது இப்படி. கோமியத்துல ஊறுன கரி வச்ச பூசணி ஹெக்டேருக்கு 82.6 டன். வெறும் கரி வச்சத விட இது 85 சதவீதம் அதிகம், வெறும் கோமியம் விட்டத விட 300 சதவீதத்துக்கும் மேல அதிகம், அதாவது நாலு மடங்கு. திருப்பிப் போட்டு கணக்குப் பாத்தா வெறும் கரிக்கு 45 டன் பக்கம், வெறும் கோமியத்துக்கு 20 டன் பக்கம் வருது. அதே கோமியம், அதே கம்போஸ்ட், அதே மண்ணு, நடுவுல ஒரு கரி வந்து நின்னதும் 20, 80 ஆகுது. இன்னொண்ணு, அது சத்து செத்த மண்ணு கூட இல்ல, நல்ல வண்டல் கலந்த வளமான மண்ணு.

ஏன் அப்படி ஆச்சு

கரிக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஓட்டை கோடிக்கணக்குல இருக்கு. வெறுங்கரிய மண்ணுல போட்டா அந்த ஓட்டையெல்லாம் காலி, சுத்தி இருக்குற அம்மோனியம்ங்கற தழைச்சத்த இழுத்துப் பிடிச்சுக்கும், போதாததுக்கு கரியில ஒட்டியிருக்குற கொஞ்சம் லேசான கார்பன திங்க மண்ணுல இருக்குற நுண்ணுயிரெல்லாம் பெருகி அதுகளும் தழைச்சத்த எடுத்துக்கும். என் முட்டைகோஸ் மஞ்சளானது இதனால தான், அம்மா சொன்ன பட்டினி மாடு. முன்கூட்டியே கோமியத்துலயோ கம்போஸ்ட்லயோ ஊறிருச்சுன்னா கதை வேற. ஓட்டைக்குள்ள சுவரெல்லாம் ஒரு மெல்லிய கரிமப் படலம் படியுது, அந்தப் படலம் தான் தண்ணியையும் நைட்ரேட்டுங்கற தழைச்சத்தையும் பிடிச்சு வச்சு மெதுவா விடுதுன்னு நேபாள ஆய்வுல ஒரு ஊகமா தான் எழுதுனாங்க. அது ஊகம்னே அவங்களும் சொன்னாங்க, எனக்கு அது பிடிச்சிருந்துது. அதே 2015-ல கிளாடியா கம்மன் குழு கம்போஸ்டோட சேத்து மக்க வச்ச கரிக்குள்ள நைட்ரேட் நெறைய சிக்கியிருக்கு, அது செடிக்கு ஒதவுதுன்னு காட்டுனாங்க, 2017-ல நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்ல நிகோலஸ் ஹாகெமன் குழு அந்தப் படலத்தையே மைக்ரோஸ்கோப் வச்சு காட்டிட்டாங்க.

மழை ஓங்கி அடிக்கிற எடத்துல இது எவ்வளவு பெரிய விஷயம்னு மலையில வெள்ளாமை பண்றவங்களுக்குத் தான் தெரியும். யூரியா போட்டு மறுநாள் ஒரு மழை பேஞ்சா காசு ஓடையில போயிரும், அடுத்த வாரம் திரும்பப் போடுவோம். நைட்ரேட் தண்ணியோட போற சாமான், அத வேர் பக்கத்துலயே ஒருத்தன் பிடிச்சு வச்சிருந்தா பாதி தலைவலி தீருது.

ஒரே ஒரு ட்ரையல நம்பலாமா

கூடாது. நாலு மடங்குங்கறது ஒரு பயிர், ஒரு எடம், ஒரு சீசன். அந்த நம்பர மட்டும் எடுத்துட்டு வந்து யாராவது உங்ககிட்ட மூட்டை வித்தா வாங்காதீங்க. நல்லவேளையா அந்த குழு அதோட நிறுத்தல. 2017-ல 13 பயிர்ல செஞ்ச 21 ட்ரையல் முடிவ வெளியிட்டாங்க, ஹெக்டேருக்கு அரை டன்ல இருந்து 2 டன் வரைக்கும் கரி, எல்லாமே வேர்ப் பகுதியில. கோமியத்துல ஊறுன கரிய கம்போஸ்டோட கலந்து வச்ச 13 ட்ரையல்ல, கரி இல்லாம அதே கோமியமும் கம்போஸ்டும் போட்டத விட சராசரியா 123 சதவீதம் கூட வெளஞ்சிருக்கு. ஆனா ஏத்த எறக்கம் 77 சதவீதம், அதையும் சேத்துச் சொல்லணும், ஒருத்தருக்கு மடமடன்னு ஏறியிருக்கும் இன்னொருத்தருக்கு சுமாரா தான் இருந்திருக்கும். ரசாயன உரத்த கரைச்சு அதுல ஊற வச்ச கரி, அதே உரத்த நேரா போட்டத விட 20 சதவீதம் தான் கூட குடுத்துச்சு. எனக்கு இந்த 20 தான் ரொம்ப நம்பிக்கையா பட்டுச்சு, ஏன்னா உலகம் முழுக்க நடந்த ட்ரையலையெல்லாம் சேத்து சைமன் ஜெஃப்ரி குழு 2017-ல பாத்தப்ப வெப்ப மண்டல நாடுகள்ல சராசரி கூடுதல் 25 சதவீதம், குளிர் நாடுகள்ல ஒண்ணுமே கூடல.

அது ஏன்னு பாத்தா மண்ணு. வெப்ப நாட்டு மண்ணு நெறைய எடத்துல அமிலத்தன்மை கூடி சத்து கம்மியா இருக்கும், கரி காரத்தன்மை உள்ளது, சுண்ணாம்பு போட்ட மாதிரி வேலை செய்யும். எங்க மேல்மலை மண்ணு, நீலகிரி மண்ணு எல்லாம் பிஎச் (7-க்குக் கீழ போனா அமிலம், மேல போனா காரம்) 5 பக்கம் நிக்கிறது, அமிலத்த கொறைக்க டோலமைட் சுண்ணாம்பு வாங்கிப் போடுறோம், நமக்கு கரி பொருந்தும். ராமநாதபுரம் மாதிரி ஏற்கனவே பிஎச் 8 தாண்டுன மண்ணு, களர் மண்ணு வச்சிருக்கவங்க நல்லா யோசிக்கணும், அதுவும் சாம்பல் நெறைய கலந்த கரிய அள்ளிக் கொட்டிறாதீங்க, காரம் மேல காரம் ஏறும். சீமைக்கருவேலம் மலை மாதிரி கெடக்கு கரி போட்டு வயல்ல எறக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு என் பதில் இதுதான், மொதல்ல மண் பரிசோதனை, அப்புறம் பத்து செடிக்கு மட்டும் ஊற வச்ச கரி, அப்புறம் தான் மத்தது. மக்குன தொழு உரத்துல கலந்து ஒரு மாசம் ரெண்டு மாசம் போட்டு வச்சு எடுத்தா காரமும் கொறையும்.

பருவநிலை கணக்கு

மரமோ செடியோ மக்கும்போது அது காத்துல இருந்து எடுத்த கார்பன் திரும்ப காத்துக்கே போயிரும். கரியா மாறிருச்சுன்னா அவ்வளவு சுலபமா போகாது. 2016-ல வந்த ஒரு தொகுப்பு ஆய்வுல கரியோட கார்பன்ல 3 சதவீதம் தான் சில மாசத்துல போகுது, மிச்சம் 97 சதவீதம் மண்ணுல சராசரியா 556 வருசம் தங்கும்னு கணக்குப் போட்டிருக்காங்க. பருவநிலை மாத்தத்த ஆராயுற ஐ.நா. குழு ஐபிசிசியோட 2018 அறிக்கையிலயே காத்துல இருந்து கார்பன எடுக்குற வழிகள்ல பயோசாரும் இருக்கு.

நம்ம அளவுக்கு எறக்கிப் பாப்போம். நேபாளத்துல கோன்-டிக்கி தொட்டியும் குழியும் வச்சு கார்னெலிசன் குழு அளந்தாங்க, 2016-ல வந்துச்சு. 100 கிலோ காஞ்ச செடிக்கு 22 கிலோ கரி, அந்தக் கரியில 76 சதவீதம் கார்பன். அப்ப ஒரு ஏக்கருக்கு வேண்டிய 300 கிலோ கரிக்கு காஞ்ச செடி 1,400 கிலோ கிட்ட வேணும், அதுல 228 கிலோ கார்பன் நிக்கும், கார்பன் டை ஆக்சைடா மாத்துனா 836 கிலோ. கேக்க சந்தோசமா இருக்கு. ஆனா எரிக்கிறப்ப மீத்தேன் வருது, ஒரு கிலோ கரிக்கு சராசரி 30 கிராம்னு அளந்திருக்காங்க, 300 கிலோவுக்கு 9 கிலோ மீத்தேன். 100 வருச கணக்குல மீத்தேன் கார்பன் டை ஆக்சைட விட 28 மடங்கு சூடாக்கும்னு வச்சா 252 கிலோ கழிஞ்சிருது, மிச்சம் 584. 20 வருச கணக்குல பாத்தா மீத்தேன் 80 மடங்கு, 720 கிலோ கழியும், கிட்டத்தட்ட பூராவும் போச்சு. அதுவும் அந்த 30 கிராம் சராசரி தான், அளந்ததுல ஏத்த எறக்கம் 60 கிராம், அதாவது சில தீயில மீத்தேனே இல்ல, சில தீயில கொட்டியிருக்கு.

இந்த எடத்த நான் ரெண்டு தடவ படிச்சேன். பச்சைச் செடிய போட்டா, அவசரப்பட்டு குழிய ரொப்புனா, தீத்திரை அறுந்து வாயு எரியாம வெளிய போயிரும், வெள்ளையா திரண்டு வர்ற அந்தப் பொகை தான் அடையாளம். காலநிலைக்காக செய்றேன்னு சொல்லிட்டு ஈர விறகுல கரி போடுறது, கெடுதல் பண்ணிட்டு நல்லது பண்ணுனதா நெனச்சுக்கிறது. நல்லா காஞ்சது, விரல் மொத்தத்துக்கு ஒரே சீரா இருக்கறது, பொகை தெரியாத தீ, இந்த மூணும் இல்லாத அன்னைக்கு எரிக்கவே வேணாம். கரிக்குன்னு உசுரோட நிக்கிற மரத்த வெட்டுறதும் வேணாம், களையும் கழிவும் போதும்.

கார்பன மண்ணுல நிறுத்துனதுக்கு சான்று வாங்கி விக்கிற கார்பன் கிரெடிட்ல காசு வரும்னு சொல்றவங்க இப்ப நெறைய பேர் இருக்காங்க. மேல போட்ட கணக்கத் தான் பாருங்களேன், ஒரு ஏக்கர்காரன் வருசத்துக்கு ஒரு டன் கூட சேக்க மாட்டான், அதுக்கு அளவு, போட்டோ, சான்றுன்னு எவ்வளவு வேலை. பத்து நூறு பேர் கூட்டா செஞ்சா ஒரு வேளை வரலாம். தனியா இருக்கவங்க மண்ணுக்காக செய்ங்க.

எங்க தோட்டத்துல ரெண்டாவது தடவ

பன்மாரா செடிய டிசம்பர் கடைசியில வெட்டுனோம், பட்டா நிலத்துல இருந்தது மட்டும், காட்டுப் பக்கம் கை வைக்கல. கட்டு கட்டி மாட்டுக்கொட்டகை பரண்ல ஏத்தி மூணு வாரம் காய விட்டேன். ஒடிச்சா மடக்குனு சத்தம் வரணும், வளைஞ்சா இன்னும் ஈரம்னு அர்த்தம். காட்டுத்தீ சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி, காத்து இல்லாத ஒரு காலையில, சுத்தி புல்லே இல்லாத ஒரு தட்டுல 5 அடி அகலம் 3 அடி ஆழத்துல குழி, பக்கத்துல ரெண்டு டிரம் தண்ணி. பக்கத்து தோட்டத்து அண்ணன் கடப்பாரையோட வந்தவரு, "என்னப்பா பொகையவே காணோம், பத்திக்கிச்சா இல்லியா"ன்னு கேட்டுக்கிட்டே கிட்ட வந்து எட்டிப் பாத்துட்டு சூடு தாங்காம பின்னால போயிட்டாரு. வெள்ளைச் சாம்பல் படரும்போது அடுத்த கட்டு, மறுபடி சாம்பல், மறுபடி கட்டு, ரெண்டு மணி நேரம் நகராம நின்னேன். தண்ணி ஊத்துனதும் குபுகுபுன்னு ஆவி, ஆறுனப்புறம் ஒரு துண்ட எடுத்து இன்னொண்ணு மேல தட்டுனா கண்ணாடி மாதிரி கிணிங்குது, கையில ஒட்டுன கறுப்பு வெறும் தண்ணியிலயே போயிருச்சு. அதான் கரி நல்லா வெந்ததுக்கு அடையாளம், வேகாத கரின்னா பிசுபிசுன்னு எண்ணெய் மாதிரி ஒட்டும், சோப்பு போட்டாலும் லேசுல போகாது.

ஈரமா இருக்கும்போதே சாக்குல போட்டு மிதிச்சு நொறுக்கிட்டோம், காஞ்சப்புறம் நொறுக்குனா தூசி மூக்குல நெஞ்சுல ஏறும். கொட்டகையில கல் தளத்துல ஓடுற கோமியத்த ஒரு குடத்துல வழிய விட்டு சேத்து, பிளாஸ்டிக் டிரம்ல சரிக்குச் சரி ஊத்துனேன். கொட்டகையில எப்பவும் கண்ண எரிக்கிற அந்த அம்மோனியா வாடை இருக்குமே, டிரம் பக்கத்துல மூணாம் நாள் குனிஞ்சு மோந்து பாத்தா பாதி கூட இல்ல. அந்த வாடை தான் தழைச்சத்து, இத்தன வருசமா காத்துல விட்டது. ரெண்டு வாரம் ஊறுனதும் தொழு உரத்தோட கலந்து, நாத்து நடுற குழிக்கு ஒரு கைப்பிடி, மேல மண்ணு தள்ளி நாத்து. ரெண்டு வரிசை இப்படி, நடுவுல ரெண்டு வரிசை கரி இல்லாம அதே கோமியமும் உரமும்.

இந்தத் தடவ மஞ்சளே வரல. மார்ச்சுல பத்து நாள் மழையில்லாம இருந்தப்ப கரி வச்ச வரிசையில விரல விட்டுப் பாத்தா அடியில ஈரம் இருக்கு, மத்த வரிசை பொடியா உதிருது. கோஸ் ரெண்டு பக்கமும் வெளஞ்சுது, கரி வச்ச பக்கம் இறுகி கனமா இருந்துச்சு, நாலு மடங்கெல்லாம் இல்ல. அம்மா அறுவடை அன்னைக்கு ரெண்டு பக்கத்துலயும் ஒவ்வொண்ணு எடுத்து ரெண்டு கையில தூக்கிப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல, மறுநாள் காலையில பாத்தா கோமியக் குடத்த அவங்களே டிரம்ல ஊத்திட்டு இருக்காங்க. இப்ப பூண்டுக்கு வைக்கணும், பரண்ல 40 கட்டு ஏறியிருக்கு, இன்னும் வளையுது.